வாசகர் கேள்வி – பதில்: நாற்பது லட்சமும் இரண்டு நட்சத்திரமும்

அமெரிக்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் பன்னிரண்டாவது ஆல்பமான 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' 2025 அக்டோபர் 3 அன்று வெளிவந்தது. அதைப் பற்றியும் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது, இன்னொன்று ஐந்துக்கு இரண்டு. விற்பனையோ ஒரே வாரத்தில் நாற்பது லட்சம் என்கிறார்கள். இதில் எதை நம்புவது? — கல்லூரி மாணவி, திருச்சி

ஐந்து நட்சத்திரம் கொடுத்தது அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன். இரண்டு கொடுத்தது இங்கிலாந்தின் தி கார்டியன். பத்துக்கு மதிப்பெண் போடும் பிட்ச்ஃபோர்க் 5.9 கொடுத்தது. இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்ததும் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். பாடல்களைப் பலமுறை கேட்ட பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தச் சண்டையின் வேர் அதற்கு முந்தைய ஆல்பத்தில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்' அதன் விரிந்த பதிப்பில் 31 பாடல்கள் கொண்டது. சொற்கள் மிகுதி, வெட்டிச் சுருக்க ஆளில்லை, ஒரே ஒலியில் எல்லாப் பாட்டும் ஓடுகின்றன என்பவை அன்று எழுந்த முக்கியமான குறைகள். அதற்கு மறுமொழி போலவே புதிய ஆல்பம் அமைந்தது: பன்னிரண்டே பாடல்கள், சுமார் 42 நிமிடம், பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் உபரிப் பாடல்கள் கிடையாது. ஆகஸ்டு மாதம், ஸ்விஃப்டின் காதலரும் அமெரிக்கக் கால்பந்து வீரருமான டிராவிஸ் கெல்சியும் அவருடைய அண்ணனும் நடத்தும் பாட்காஸ்டில் இதை அறிவித்தபோது, காதைவிட்டு அகலாத மெட்டுகளும் முன்பு போலவே துல்லியமான வரிகளும் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று ஸ்விஃப்ட் சொன்னார். விமர்சகர்கள் அந்த வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாடல்களைக் கேட்டார்கள். கட்டுக்கோப்பும் மெருகும் முதன்மை என்று கருதியவர்களுக்கு அது நிறைவேறியதாகப் பட்டது. கார்டியனின் விமர்சகருக்கோ, மறுக்க முடியாத மெட்டுகள் போதுமான அளவில் இல்லை என்று பட்டது. வேறு பலர் மெட்டை ஏற்றுக்கொண்டு வரிகளைக் குறை சொன்னார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், பன்னிரண்டில் நான்கு பாடல்கள் அவருடைய சிறந்த பாடல்களோடு சேர்த்து வைக்கத் தகுந்தவை. இரண்டு பாடல்கள் அவர் பெயருக்கு ஏற்றவை அல்ல. மற்றவை இதமாக ஒலித்து நகர்ந்துவிடுகின்றன. அந்த நான்கில் முதலாவதாக நான் சொல்வது 'ரூயின் த ஃபிரெண்ட்ஷிப்'. பள்ளி நாள்களில் ஒரு நண்பனிடம் மனத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டதை நினைத்துப் பார்க்கும் பெண்ணின் பாட்டு. பாதிப் பாட்டு வரை இளமைக்கால ஏக்கம் என்றே கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு தோழியிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, அவன் இறந்துவிட்டான். கல்லறை அருகே நின்று, அன்று முத்தமிட்டிருக்கலாம் என்று மெல்லச் சொல்கிறாள். மெட்டு அங்கே சற்றும் உரக்கப் போகாமல் அதே நடையில் செல்வதுதான் அழ வைக்கிறது. இந்தப் பாட்டைக் கேட்ட ஒருவர் ஆல்பத்தில் சரக்கே இல்லை என்று எழுதினால் நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: இந்தக் காலத்தில் சிடி வாங்குபவர் யார்? நாற்பது லட்சம் என்ற எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? — ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டு வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் முதல் வாரத்தில் இந்த ஆல்பம் 40 லட்சத்து 2 ஆயிரம் அலகுகளைத் தொட்டது. அலகு என்ற சொல்தான் முக்கியம். 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலில் விற்பனையை மட்டும் எண்ணாமல் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. இந்த ஆல்பம் வந்த சமயத்தில் இருந்த விதி இது: கட்டணம் செலுத்தும் சந்தாதாரர்கள் ஓர் ஆல்பத்தின் பாடல்களை 1,250 முறை கேட்டால் ஓர் அலகு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 3,750 முறை, பத்துப் பாடல்களைத் தனித்தனியாகப் பதிவிறக்கினாலும் ஓர் அலகு.

இந்த நாற்பது லட்சத்தில் ஸ்ட்ரீமிங் வழியாக வந்தது சுமார் 5 லட்சத்து 22 ஆயிரம் அலகுகள் மட்டுமே; 68 கோடி முறைக்கு மேல் கேட்கப்பட்டதன் பலன் அது. மீதி ஏறத்தாழ 34 லட்சத்து 80 ஆயிரமும் காசு கொடுத்து முழு ஆல்பமாக வாங்கப்பட்ட பிரதிகள். அவற்றில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவை வினைல் இசைத்தட்டுகள். அலகுக் கணக்கிலும் நேரடி விற்பனையிலும் இதற்கு முன் முதலிடத்தில் இருந்தது இங்கிலாந்துப் பாடகி அடெலின் '25' என்ற, 2015 நவம்பரில் வந்த ஆல்பம். அதன் முதல் வார விற்பனை சுமார் 33 லட்சத்து 78 ஆயிரம் பிரதிகள்.

வங்கியில் இருந்தவர் என்பதால் இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே நிரையில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது உங்களுக்கு எளிதில் விளங்கும். ஸ்விஃப்டின் ஆல்பம் முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்களில் விற்கப்பட்டது: வெவ்வேறு நிறத்தில் வினைல், வெவ்வேறு அட்டைப்படத்தோடு சிடி, கேசட், ஓரிரு நாள் மட்டும் கிடைத்த பதிவிறக்கப் பதிப்புகள், ஒலிக்கருவிகளைக் குறைத்துப் பாடிய மாற்று வடிவங்கள். ஒரே ரசிகை நான்கு வடிவங்களை வாங்கினால் அது நான்கு பிரதி. 2015-இல் அடெலுக்கு இத்தனை வடிவங்கள் இல்லை. அதே சமயம் அவர் தம் ஆல்பத்தை முதல் சில மாதங்களுக்கு ஸ்ட்ரீமிங்கில் வெளியிடாமல் வைத்திருந்தார், ஆகவே கேட்க விரும்பியவர்கள் வாங்கியே தீர வேண்டியிருந்தது. இருவருக்கும் தனித்தனிச் சாதகங்கள் இருந்தன.

வடிவங்களைப் பெருக்கி விற்கும் பழக்கம் ஸ்விஃப்டுக்கு மட்டும் உரியதல்ல, இன்றைய பாப் இசையுலகம் முழுவதிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் இருக்கும் உயரத்தில் அது தேவையற்றது என்பதே என் எண்ணம். கைச்செலவுக்குப் பெற்றோரிடம் பணம் வாங்கும் வயதில் உள்ள ரசிகைகள் ஏராளம். ஒரு வடிவத்தை வாங்கி முடித்த மறுநாள் இன்னொன்று வரும்போது அவர்கள் படும் தவிப்பு எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: தானே எழுதிப் பாடுபவர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் மூன்று பேர் பெயர் இருக்கிறதே? — இசை ஆசிரியர், கோயம்புத்தூர்

நம் திரையிசையில் மெட்டமைப்பவர் ஒருவர், பாட்டெழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று பிரிந்து கிடப்பதால் இந்தக் கேள்வி நமக்கு எழுவது இயல்பு. ஸ்விஃப்ட் நாஷ்வில் நகரின் நாட்டுப்புற இசைச் சூழலில் வளர்ந்தவர். அங்கே ஓர் அறையில் இரண்டு மூன்று பேர் கிட்டாரோடு உட்கார்ந்து சேர்ந்து பாட்டெழுதுவது அன்றாட வழக்கம். உண்மையில் எழுதுவது உடன் இருப்பவர்கள்தான் என்ற சந்தேகம் தொடக்க காலத்திலேயே அவரைத் துரத்தியது. அதற்கு விடையாகவே 2010-இல் 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் பாடல்களைத் துணையெவரும் இல்லாமல் தனியாக எழுதி வெளியிட்டார்.

இந்த ஆல்பத்தில் உடன் இருப்பவர்கள் சுவீடன் நாட்டைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர்கள் மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும். 2012-இல் 'ரெட்' ஆல்பத்தின் சில பாடல்களில் தொடங்கி, 2014-இன் '1989', 2017-இன் 'ரெபுடேஷன்' வரை இவர்கள் அவரோடு வேலை செய்தார்கள். அதன்பின் ஜாக் ஆன்டனாஃப், ஆரன் டெஸ்னர் ஆகிய தயாரிப்பாளர்களின் காலம். 2020 ஜூலையில் வந்த 'ஃபோக்லோர்' போன்ற அமைதியான ஆல்பங்கள் டெஸ்னரின் கைப்பக்குவத்தில் உருவானவை. 2024-இல் 'ஈராஸ்' என்ற தம் இசை நிகழ்ச்சிச் சுற்றுப்பயணத்தின் ஐரோப்பியப் பகுதி நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் கிடைத்த நாள்களில் சுவீடனுக்குப் பறந்துபோய்ப் பழைய கூட்டாளிகளோடு இந்தப் பாடல்களைச் செய்திருக்கிறார். மேடையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பாடிவிட்டு ஓய்வு நாளில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகும் உழைப்பை எண்ணிப் பார்க்கிறேன்.

இசை ஆசிரியரான உங்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மேக்ஸ் மார்ட்டின் மெட்டை முதன்மையாகக் கருதுபவர். மெட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் இத்தனை அசை என்று வரையறுத்து, ஓர் அசை கூடினாலும் குறைந்தாலும் வரியை மாற்றச் சொல்பவர் என்பது அவரோடு வேலை செய்தவர்கள் பலரும் சொல்லியிருக்கும் செய்தி. நம் பாடலாசிரியர்கள் தத்தகாரத்துக்குச் சொல் தேடுவார்களே, ஏறக்குறைய அந்த முறை. டெஸ்னரோடு எழுதும்போது ஸ்விஃப்டின் வரிகள் உரைநடை போல நீண்டு, தாளத்தைத் தாண்டி வழிந்து, மூச்சு முடியும் இடத்தில் நிற்கும். மார்ட்டினிடம் அது நடக்காது. வரிகள் குறுகுகின்றன, கதையை விரித்துச் சொல்ல இடம் இல்லை, ஒற்றைச் சொல்லும் பல்லவியும் பாட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. போன முறை சொற்கள் அதிகம் என்றவர்களும் இந்த முறை சொற்களில் ஆழம் இல்லை என்றவர்களும் ஒரே திறமையின் இரண்டு ஓரங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து எழுதுவதால் அவர் பாடலாசிரியர் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் யாரோடு சேர்ந்து எழுதுகிறார் என்பது அவர் எப்படி எழுதுகிறார் என்பதை மாற்றிவிடுகிறது.

கேள்வி: முதல் பாட்டில் வரும் ஒஃபீலியா யார்? — வாசகி, புதுச்சேரி

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் இளம்பெண். ஹாம்லெட்டை விரும்புகிறாள், தந்தையும் அண்ணனும் அவனை விலக்கச் சொல்கிறார்கள், ஹாம்லெட் அவளைக் கடுஞ்சொல்லால் துரத்துகிறான், பிறகு அவன் கையாலேயே தந்தை இறக்க, அவள் மனம் பேதலித்து, பூக்களோடு ஓடைநீரில் மூழ்கி இறந்துபோகிறாள். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அழிந்த பெண் அவள். ஸ்விஃப்டின் 'தி ஃபேட் ஆஃப் ஒஃபீலியா' பாட்டு, அந்த முடிவு தனக்கும் வந்திருக்கும், ஒருவரின் வருகை அதிலிருந்து மீட்டது என்று சொல்கிறது. ஆல்பத்தின் முதல் தனிப்பாடலான இது பில்போர்டின் பாடல் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. அந்த வாரம் முதல் பன்னிரண்டு இடங்களிலும் இந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களே இருந்தன.

ஒஃபீலியாவை ஓவியர்கள் விடாமல் வரைந்திருக்கிறார்கள். மிகப் புகழ்பெற்றது 1851–52-இல் ஜான் எவரெட் மில்லே வரைந்தது; லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கிறது. அதற்கு மாதிரியாக இருந்த எலிசபெத் சிடல் தண்ணீர் நிரம்பிய குளியல் தொட்டியில் மணிக்கணக்காகப் படுத்திருந்தார். நீரைச் சூடாக வைத்திருக்கக் கீழே வைத்த விளக்குகள் ஒருமுறை அணைந்துபோக, ஓவியர் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குளிரில் உடல்நலம் கெட்டது. ஸ்விஃப்டின் ஆல்ப அட்டையில் ஒளிரும் மணிகள் பதித்த உடையோடு அவர் நீரில் அமிழ்ந்து முகம் மட்டும் தெரியக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே வந்தது. பாட்டின் காணொளி தொடங்கும் காட்சியோ, ஃபிரீட்ரிக் ஹைசர் என்ற ஓவியரின் ஒஃபீலியாவை ஒத்திருக்கிறது. அந்த ஓவியம் ஜெர்மனியின் வீஸ்பாடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காணொளி வந்த பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே இளைஞர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். ஒரு பாப் பாட்டால் பழைய ஓவியத்தின் முன் கூட்டம் நிற்கிறது என்ற செய்தி எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்தது.

கதையில் ஒரு குறை உண்டு. ஒஃபீலியாவின் துயரம் ஆண்கள் அவள் வாழ்வைத் தீர்மானித்ததால் வந்தது. அவளை மீட்பதும் இன்னோர் ஆண்தான் என்று பாட்டு முடிவது சிலருக்கு உவப்பாக இல்லை. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: 'ஃபாதர் ஃபிகர்' என்ற பாட்டு ஜார்ஜ் மைக்கேலின் பழைய பாட்டைத் திருடியது என்று நண்பர் சொல்கிறார். சரியா? — வாசகர், நாகர்கோவில்

சரியல்ல. ஜார்ஜ் மைக்கேல் 1987-இல் அதே பெயரில் பாடிய பாட்டின் ஒரு பகுதியை ஸ்விஃப்ட் முறைப்படி எடுத்தாண்டிருக்கிறார். பழைய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவது ஒரு முறை. மெட்டையும் சொல்லையும் எடுத்துப் புதிதாகப் பாடுவது இன்னொரு முறை. இது இரண்டாவது வகை. 2016-இல் மறைந்த ஜார்ஜ் மைக்கேலின் பெயர் பாட்டெழுதியவர்களில் ஒருவராகவே இடம்பெற்றிருக்கிறது. அவருடைய உரிமைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இதை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள்.

நான் சொன்ன நான்கு நல்ல பாடல்களில் இது இரண்டாவது. பழைய பாட்டு காதலின் குரல். ஸ்விஃப்ட் அதே சொற்களை எடுத்து, இளம் திறமையை வளர்த்துவிட்டு அதன் மேல் உரிமை கொண்டாடும் ஒரு முதலாளியின் வாயில் வைக்கிறார். பாட்டு முடிவதற்குள் அதிகாரம் கைமாறிவிடுகிறது. அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவு உரிமை 2019-இல் அவருடைய விருப்பத்துக்கு மாறாக விற்கப்பட்டதும், அவற்றில் நான்கை அவர் புதிதாகப் பாடிப் பதிவுசெய்து வெளியிட்டதும், கடைசியில் 2025 மே மாதம் உரிமை முழுவதையும் தாமே விலைக்கு வாங்கியதும் தெரிந்தவர்களுக்கு இந்தப் பாட்டு வேறு விதமாகக் கேட்கும்.

கேள்வி: 2026 கிராமி விருதுகளில் இந்த ஆல்பம் ஏன் இல்லை? — வாசகர், சேலம்

அந்த விருதுகளுக்கான காலவரம்பு 2025 ஆகஸ்டு 30 அன்று முடிந்துவிட்டது. ஆல்பம் அக்டோபரில்தான் வந்தது.

கேள்வி: பதின்மூன்று வயது மகள் நாள் முழுதும் இந்தப் பாடல்களைக் கேட்கிறாள். சில வரிகள் காதில் விழும்போது சங்கடமாக இருக்கிறது. தடுக்கலாமா? — ஒரு தாய், தஞ்சாவூர்

உங்கள் சங்கடம் புரிகிறது, அம்மா. இந்த ஆல்பத்தில் அவருடைய தொடக்ககால ஆல்பங்களில் இல்லாத வசைச்சொற்கள் பல இடங்களில் வருகின்றன. 'வுட்' என்ற பாட்டு முழுவதுமே பாலுறவைப் பற்றிய இரட்டைப் பொருள் பேச்சு. பெரியவர்களுக்கான பாட்டு அது. நான் முன்பு சொன்ன, அவர் பெயருக்கு ஏற்றதல்லாத இரண்டில் அதுவும் ஒன்று, ஆனால் அதற்குக் காரணம் கூச்சம் அல்ல. சிலேடை முதல் வரியிலேயே விளங்கிவிட்ட பிறகு பாட்டில் வேறெதுவும் மிஞ்சவில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகளில் இத்தகைய பாடல்களின் பக்கத்தில் குறியீடு இருக்கும். அவற்றை ஒலிக்காமல் நிறுத்தும் வசதியும் அமைப்புகளில் உண்டு. அதைச் செய்யுங்கள், தவறில்லை. முழு ஆல்பத்தையும் பிடுங்கிவிட வேண்டாம். 'ரூயின் த ஃபிரெண்ட்ஷிப்' பாட்டை அவளோடு உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். அவள் வயதுக்கு மிக அருகில் இருக்கும் பாட்டு அது.

கேள்வி: நிச்சயதார்த்தம் முடிந்து மகிழ்ச்சியாக இருப்பதால்தான் பாடல்களில் உயிர் போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். துயரம் இருந்தால்தான் நல்ல பாட்டு வருமா? — இளங்கவிஞர், திருநெல்வேலி

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். டிராவிஸ் கெல்சியோடு நிச்சயம் ஆன செய்தி 2025 ஆகஸ்டு 26 அன்று வந்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பாடல்கள் எழுதப்பட்டுவிட்டன என்பது ஒரு புறம் இருக்கட்டும். பாடல்களையே எடுத்துக்கொள்வோம். நல்ல நான்கில் மூன்றாவது 'ஓபலைட்', முழுக்க மகிழ்ச்சியான பாட்டு. ஓபல் இயற்கையில் கிடைக்கும் மணி. ஓபலைட் மனிதர் செய்யும் கண்ணாடி மணி. மகிழ்ச்சியையும் அதுபோல நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்ற எண்ணத்தை அந்த ஒரு கல்லில் வைத்து, இருட்டைத் தாண்டி வந்தவர்கள் ஆடத்தக்க தாளத்தில் பாடியிருக்கிறார். பிறர் உல்லாசப் படகும் விருதும் கேட்கட்டும், எனக்கு வீடும் பிள்ளைகளும் போதும் என்று சொல்லும் 'விஷ் லிஸ்ட்' பாட்டும் எளிமையான ஆசையைக் கூச்சமின்றிச் சொல்கிறது.

ஆல்பம் தளர்வது மகிழ்ச்சியில் அல்ல, மனக்கசப்பில். இன்னொரு பாடகிக்குக் கொடுத்த பதிலடி என்று கேட்டவர்கள் பலரும் ஊகித்த 'ஆக்சுவலி ரொமான்டிக்', பொதுவெளியில் பழிக்கப்பட்ட தோழிகளைப் பற்றிய 'கேன்சல்டு' ஆகிய இரண்டிலும் தம் மேல் விழுந்த பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிறார்; பாத்திரம் இல்லை, காட்சி இல்லை. அவற்றுள் பின்னதுதான் என் கணக்கில் மற்றொரு பலவீனமான பாட்டு. ஐந்தாவது பாட்டான 'எல்டஸ்ட் டாட்டர்' பற்றிப் பெரிய சண்டை நடந்தது. தம் ஆல்பங்களில் மனத்தை மிகத் திறந்து பாடும் பாட்டை ஐந்தாவதாக வைப்பது அவர் வழக்கம். அந்த இடத்தில் இணையக் கொச்சைச் சொற்கள் வந்தது பலரை முகம் சுளிக்க வைத்தது. அந்தச் சொற்கள் போலித்தனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்டு, பிறகு வெறும் பேச்சுமொழியில் ஓர் உறுதிமொழி வருகிறது என்பது புரிகிறது. ஆனால் அந்த மாற்றத்தை மெட்டு போதுமான அளவு உணர்த்தவில்லை.

விமர்சனங்களைப் பற்றி ஆப்பிள் மியூசிக்கின் நேர்காணலில் கேட்டபோது, கலையைப் பற்றி அவரவர் கருத்தை மதிப்பதாகவும், முதல் வாரத்தில் தம் பெயரையோ ஆல்பத்தின் பெயரையோ சொல்லிக்கொண்டிருப்பவர் எவரும் தமக்கு உதவியே செய்கிறார் என்றும் ஸ்விஃப்ட் பதில் சொன்னார். முதல் பாதியை நான் வரவேற்கிறேன்.

நீங்கள் கவிதை எழுதுபவர் என்பதால் நான்காவது பாட்டாகச் சொல்ல நினைத்ததை உங்களுக்காக வைத்திருந்தேன்: ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கடைசிப் பாட்டு. ஈராஸ் பயணத்தில் பல நாடுகளில் அவருக்கு முன்பாக மேடையேறிப் பாடிய சப்ரினா கார்பென்டர் இதில் உடன் பாடுகிறார். கிட்டி என்ற மேடை ஆட்டக்காரியைப் பார்க்க வந்த சிறுபெண், உங்களைப் போல ஆக வேண்டும் என்கிறாள். இந்த வாழ்க்கை உனக்குத் தெரியாது, உனக்கு வேண்டவும் வேண்டாம் என்று கிட்டி எச்சரிக்கிறாள். கேட்காமல் அந்தப் பெண் அதே வாழ்க்கைக்குள் போய், அடிபட்டு, கடைசியில் கிட்டி சொன்ன சொற்களைத் தன் வாயால் சொல்கிறாள். பல்லவியின் சொற்கள் ஏறக்குறைய அப்படியே இருக்க, சொல்பவள் மாறிவிடுகிறாள். இசை அடங்கியதும் அரங்கின் ஆரவாரமும் மேடையிலிருந்து நன்றி சொல்லி விடைபெறும் குரலும் கேட்கின்றன.

இந்தப் பாட்டை ஒரு தாளில் எழுதிவைத்து, பல்லவி ஒவ்வொரு முறை வரும்போதும் அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் எண்ணத்தை எனக்கு எழுதுங்கள்.